நான்கு மருந்தும் ஒரு தராசும்

என் ஓரகத்தியைப் பற்றி நல்லவிதமாக எழுதப்போகிறேன் என்று சொன்னால் எங்கள் பக்கத்துப் பெண்கள் யாரும் நம்பமாட்டார்கள். ஒரே அடுப்படியில் இரண்டு மருமகள்கள் பன்னிரண்டு வருஷம் புழங்கினால், ஒருத்தியைப் பற்றி இன்னொருத்தி சொல்ல நல்லதாக என்ன மிஞ்சியிருக்கும் என்று கேட்பார்கள். எனக்கு நிறைய மிஞ்சியிருக்கிறது. அவள் என் கணவருடைய அண்ணன் மனைவி, என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. ஆனால் நான் பார்த்த டாக்டர்களில் பாதிப் பேருக்கு இல்லாத ஒரு குணம் அவளிடம் இருந்தது. தனக்குச் சாதகமாக வரும் சேதியைத்தான் அவள் முதலில் சந்தேகப்படுவாள்.

ஐம்பதுகளின் நடுவில், வீசையிலும் மணங்கிலும் எடை போட்ட, கிலோ வந்து சேராத நாட்களில், எங்கள் குடும்பத்துக்கு ஓசூரில் ஒரு மண்டி இருந்தது. முன்பக்கம் மண்டி, பின்பக்கம் வீடு, இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு. தை முதல் சித்திரை வரை புளி. மற்ற மாதங்களில் ராகி, கொள்ளு, அவரை. உத்தனப்பள்ளி, ராயக்கோட்டைப் பக்கங்களிலிருந்தும் என் பிறந்த ஊரான ஊத்தங்கரைப் பக்கமிருந்தும் மூட்டைகள் வரும். பெங்களூர் வியாபாரிகள் லாரியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். மண்டியில் தெலுங்கு, பெங்களூர்க்காரர்களிடம் கன்னடம், அடுப்படியில் தமிழ். சண்டைக்கு மட்டும் மூன்றும் வேண்டியிருக்கும்.

அக்கா பருமனான உடம்புக்காரி. அதை அவள் ஒருபோதும் மறைத்ததில்லை. "எனக்கு ரெண்டு ஆள் சேலை எடுக்கணும், ஒரு ஆள் சோறு போட்டா போதும்" என்று ஜவுளிக்கடையிலேயே சொல்லிச் சிரிப்பாள். சிரிக்க முடியாத விஷயம் அவள் வயிற்றில் இருந்தது. நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே அவளுக்கு வயிற்றைக் கிழித்துப் பிரசவம் நடந்து, குழந்தை தங்காமல் போயிருந்தது. அந்தத் தையல் பிரிந்த இடத்தில் குடல் பிதுங்கிக்கொண்டு வெளியே வரும். அரைத் தேங்காய் மூடி அளவுக்குப் புடைத்து நிற்கும். அக்கா சுவரில் சாய்ந்து நின்று, உள்ளங்கையால் அழுத்தி உள்ளே தள்ளிவிட்டு, மறுபடி அம்மி முன்னால் உட்காருவாள். நான் பயந்துபோய் நிற்பேன். அவள் மிளகாயை எடுத்துக் கொடு என்பாள்.

ஒரு ஆடி மாதம் அது உள்ளே போக அரைமணி நேரம் பிடித்தது. மறுநாளே மாமா, அதாவது அவள் கணவர், பெங்களூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். துணைக்கு நானும் போனேன். அங்கே இருந்த வெள்ளைக்கார டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், இயந்திரத்தில் ஏற்றி நிறுத்தி எடை பார்த்தார். இருநூற்றுப் பத்துப் பவுண்டு. பக்கத்தில் நின்ற கண்டோன்மெண்ட் தமிழ் நர்ஸ் ஒவ்வொன்றாக எங்களுக்குச் சொன்னாள். ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் ஒருநாள் குடல் வெளியே வந்து, திரும்ப உள்ளே போகாமல் முறுக்கிக்கொள்ளும். அன்றைக்கு ஓசூரிலிருந்து பஸ் பிடித்து வந்துசேர நேரம் இருக்காது. ஆனால் இந்த உடம்பில் கத்தி வைத்தால் தையல் நிற்காது, மயக்க மருந்தையும் நெஞ்சு தாங்காது. முப்பது பவுண்டு இளைத்து வரவேண்டும். இன்னொன்று, மார்கழி பிறந்ததும் டாக்டரம்மா தன் தேசத்துக்குக் கப்பல் ஏறுகிறார். அவர் இடத்துக்கு யார் வருவார், எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது.

பஸ்ஸில் மாமா கணக்குப் போட்டார். முப்பது பவுண்டு என்றால் பத்து வீசை. எட்டு வீசை ஒரு மணங்கு. "ஒரு மணங்கு ரெண்டு வீசை கொறையணும். கார்த்திகை முடியறதுக்குள்ள" என்றார். அக்கா ஜன்னல் வழியாக ராகிக் கொல்லைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அத்திப்பள்ளி தாண்டியதும், "மூட்டைக்கு மூட்டை எறக்கறவங்கதானே நாம. எறக்கிப் பாப்போம்" என்றாள்.

ஓசூரில் ஆளை எடை போடும் இயந்திரம் எங்கே இருந்தது? எங்களிடம் மண்டித் தராசு இருந்தது. உத்தரத்திலிருந்து தொங்கும் பெரிய தூக்குத் தராசு. ஒரு பக்கம் சங்கிலியில் கட்டிய பலகைமேல் மூட்டை வைப்பார்கள், எதிர்ப்பக்கம் இரும்புக் கற்கள். அமாவாசைக்கு மண்டி விடுமுறை. பௌர்ணமியன்று சீக்கிரம் சாத்திவிடுவார்கள். அந்த இரண்டு நாட்களிலும், கதவைச் சாத்திக்கொண்டு, வீட்டு ஆட்கள் மட்டும் நிற்க, அக்காவை எடை போடுவதென்று முடிவாயிற்று. வெளி ஆள் என்று ஒருவர்தான், எங்கள் மண்டியில் எடை போடுகிறவர். தெலுங்குக்காரர், கறாரான மனுஷர். முதலாளி மனைவியைத் தராசில் பார்ப்பது மரியாதை இல்லையென்று, முள்ளை மட்டுமே பார்த்துக்கொண்டு நிற்பார். முதல் தடவை, "எட்டு மணங்கு நாலு வீசை" என்றார். ஆஸ்பத்திரிக் கணக்கும் அதுதான். அறுபத்தெட்டு வீசை. போய்ச்சேர வேண்டிய இடம் ஐம்பத்தெட்டு, அதாவது ஏழு மணங்கு இரண்டு வீசை.

அன்றைக்கே அக்கா இன்னொரு வேலை செய்தாள். மூட்டை தைக்கும் சணலில் ஒரு துண்டு எடுத்து, என்னை அவள் மேற்கையைச் சுற்றிக் கட்டச் சொல்லி, இரண்டு முனையும் சந்திக்கும் இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டாள். எதற்கென்று கேட்டேன். "ஒரு சாட்சி போதுமா?" என்றாள்.

முதல் மருந்து எங்கள் ஊர் எல்.எம்.பி. டாக்டர் போட்ட ஊசி. கால் வீங்கியவர்களுக்கு நீர் பிரியப் போடுவது. ஊசி போட்ட நாள் முழுக்க அக்கா கொல்லைக்கும் வீட்டுக்குமாக நடந்தாள். மறுநாள் பௌர்ணமி. ஒன்றரை வீசை குறைந்திருந்தது. மாமா சந்தோஷத்தில் அந்த டாக்டருக்கு ஒரு கூடை கொய்யாப்பழம் அனுப்பினார். அக்கா வீட்டுக்குள் வந்து ஒரு செம்பு மோர் குடித்தாள், மத்தியானம் இன்னொரு செம்பு, சாயங்காலம் ரசம். அடுத்த அமாவாசைக்கு எடை பழையபடி வந்து நின்றது. "ஈரப் புளியைக் காயவெச்சு மறுபடி தண்ணி தெளிச்ச கதை. வந்தது போனதெல்லாம் தண்ணி" என்றாள். சணல் முடிச்சு அசையவேயில்லை என்று எனக்கு மட்டும் காட்டினாள். டாக்டர் இன்னும் மூன்று ஊசி போடலாம் என்றார். அக்கா வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கொய்யாப்பழத்தைத் திருப்பிக் கேட்க முடியாதே என்று மாமா வருத்தப்பட்டார்.

இரண்டாவது, ஆவணி மாதம், கண்டோன்மெண்ட்டில் ஒரு பெரிய டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை. ஆட்டுக் கழுத்திலிருக்கும் சுரப்பியைக் காயவைத்துச் செய்வதாம். உடம்புக்குள் அடுப்பை ஏற்றிவிடும், கொழுப்பு தானாக எரிந்துபோகும் என்றார். எரிந்தது உண்மை. ஓசூர்க் குளிரில் நாங்களெல்லாம் கம்பளியைப் போர்த்திக்கொண்டிருக்க, அக்காவுக்கு மட்டும் முதுகெல்லாம் வியர்வை. பசியும் கூடிவிட்டது. ஒரு மாதத்தில் இரண்டு வீசை குறைந்தது, சணலும் ஒரு நெல் அளவு உள்ளே வந்தது. ஒருநாள் தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தவள், என் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்தாள். உள்ளே தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. "ஒக்காந்துக்கிட்டே இருக்கேன், ஓடற மாதிரி அடிக்குது. மயக்க மருந்தைத் தாங்கறதுக்குத்தானே எளைக்கச் சொன்னாங்க? நெஞ்சைக் கெடுத்துக்கிட்டு எளைச்சு என்னா பண்ண?" என்றாள். அவள் சொன்ன பிறகுதான் எனக்கே அது புரிந்தது. எடை குறைகிறது என்ற ஒரே சந்தோஷத்தில் நாங்கள் எல்லோரும் எதற்காகக் குறைக்கிறோம் என்பதை மறந்துவிட்டிருந்தோம். மாத்திரை நின்றது.

மூன்றாவது மருந்தை மாமா பெங்களூரில் ஒரு மருந்துக்கடையில் விசாரித்து, எல்.எம்.பி. டாக்டரிடம் எழுதி வாங்கினார். சின்ன வெள்ளை மாத்திரை. பசியைக் கொன்றுவிடும் என்றார்கள். பரீட்சைக்குப் படிக்கிற பையன்கள் தூக்கம் வராமலிருக்க அதையே வாங்கிப் போவார்களாம். புரட்டாசி மாதம் முழுக்க எங்கள் வீடு பளபளவென்று இருந்தது. அக்கா பரணில் கிடந்த செம்புப் பாத்திரங்களையெல்லாம் இறக்கித் துலக்கினாள். துலக்கியதையே மறுபடி துலக்கினாள். சோற்றைக் கண்டாலே வேண்டாம் என்றாள். மூன்று வீசை குறைந்தது. இவ்வளவு நல்ல மருந்து உலகத்தில் உண்டா என்று நான் நினைத்தேன். ஆனால் அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. பேச்சு நிற்கவில்லை. என்றைக்கோ நடந்ததையெல்லாம் எடுத்து மாமாவோடு மல்லுக்கு நிற்பாள். எனக்கும் ஒருநாள் விழுந்தது. சாம்பாருக்கு உப்புப் போட்டாயா என்று கேட்டதற்குக் கரண்டியை வீசினாள். கரண்டி சுவரில்தான் பட்டது. சற்று நேரம் கழித்து, கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்த என்னிடம் வந்து, "அது நான் இல்லே புள்ளே. அந்த மாத்திரை" என்றாள். அதற்கு மேல் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. உள்ளே போய் மாத்திரைப் புட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அப்போது எடை அறுபத்து மூன்று வீசை, அதாவது ஏழு மணங்கு ஏழு வீசை. இன்னும் ஐந்து வீசை இருந்தது.

நான்காவது மருந்து என் தரப்பிலிருந்து வந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

ஊத்தங்கரைப் பக்கத்தில் ஒரு வைத்தியர் இருந்தார். உடம்பு இளைக்க அவர் கிண்டித் தரும் லேகியத்தைப் பற்றி எங்கள் ஊரில் பெரிய பேச்சு. என் அப்பா அதை ஒரு ஜாடியில் வாங்கி, கொள்ளு மூட்டையோடு வண்டியில் அனுப்பிவைத்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எங்கள் ஊர் என்றாலே அந்த வீட்டில் ஒரு இளக்காரம் உண்டு. தண்ணி இல்லாத ஊர், காஞ்ச ஊர் என்பார்கள். பெங்களூர் டாக்டர்கள் தோற்ற இடத்தில் எங்கள் காஞ்ச ஊர் ஜெயிக்கவேண்டும் என்று எனக்கு ஒரு வெறியே இருந்தது. அக்கா இரண்டு வேளையும் நெல்லிக்காய் அளவு எடுத்துச் சாப்பிட்டாள். வயிற்றுவலி இல்லை, படபடப்பு இல்லை, நன்றாகத் தூங்கினாள், நன்றாகவும் சாப்பிட்டாள்.

பௌர்ணமியன்று எடைக்கு நின்றோம். ஐப்பசிக் குளிரில் பலகை சில்லென்று இருக்குமே என்று, எடை போடுகிறவர் ஒரு சாக்கை மடித்துப் பலகைமேல் விரித்தார். அக்கா அதன்மேல் உட்கார்ந்தாள். அவர் கற்களை அடுக்கினார், முள் நேரே நின்றது. "ஏழு மணங்கு அஞ்சே முக்கால்" என்று சொல்லிவிட்டுக் கற்களை எடுக்கத் தொடங்கினார். மாமா கைதட்டினார். அக்கா முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் அதுவரை பார்த்ததில்லை.

நான் கற்களுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். புளி மண்டி மருமகளுக்குக் கல் எண்ணத் தெரியாதா? தட்டில் இருந்தது ஏழு மணங்கும் ஏழே முக்கால் வீசையும். அவர் இரண்டு வீசை குறைத்துச் சொல்லியிருந்தார். ஏன் என்று யோசிக்க எனக்கு வெகுநேரம் பிடிக்கவில்லை. எங்கள் மண்டியில் மூட்டைக்கு இரண்டு வீசை கழிவு. சாக்கு, ஈரம், தூசு எல்லாவற்றுக்கும் சேர்த்து. தராசில் சாக்கைக் கண்டால் அந்த மனுஷர் வாய் தானாகக் கழித்துத்தான் சொல்லும். அத்தனை வருஷப் பழக்கம். அவர் பொய் சொல்லவில்லை. கழித்தோம் என்பதே அவருக்குத் தெரியாது.

எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. அந்த நிமிஷம், அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்ல மனசு வரவில்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். பாதி உண்மை. மீதிப் பாதி, லேகியம் எங்கள் ஊர்க்காரருடையது. "உங்க ஊரு ஆளு கெட்டிக்காரன்தான்" என்று மாமா என்னைப் பார்த்துச் சொன்னாரே, அதைத் திருப்பிக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை.

தீபாவளி அமாவாசைக்குப் பலகையில் இரண்டு சாக்கு விரித்தார். குளிர் கூடியிருந்தது. "ஏழு மணங்கு நாலரை" என்றார். இரண்டு சாக்குக்கு நாலு வீசை கழித்தாயிற்று. வீட்டில் ஒரே குதூகலம். இன்னும் இரண்டரை வீசைதான், கார்த்திகைக்குள் லேகியமே முடித்துவிடும் என்று மாமா ஆஸ்பத்திரிக்குக் கார்டு எழுதிப் போட்டார். நான் அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தேன். எண்ணெய்ச் சட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் அக்கா சணலை எடுத்துவந்து என்னிடம் கொடுத்தாள். கட்டினேன். முடிச்சு புரட்டாசியில் எங்கே நின்றதோ அங்கேயே நின்றது. கொஞ்சம் இறுக்கிப் பிடித்தால் உள்ளே வரும். இறுக்கப் பார்த்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அவள் என் விரலை விலக்கிவிட்டுத் தானே பார்த்தாள். "பசிச்சுத் திங்கறேன். நல்லாத் தூங்கறேன். ரவிக்கைக் கை அதே இறுக்கம். எடை மட்டும் எப்படிப் புள்ளே போவுது?" என்றாள். பிறகு நடுக்கதவைத் திறந்துகொண்டு நேரே மண்டிக்குள் போனாள். நானும் பின்னாலேயே போனேன். மண்டியில் ஆட்கள் இருந்தார்கள். அவள் அதுவரை வியாபார நேரத்தில் அந்தக் கதவைத் தாண்டியதில்லை.

எடை போடுகிறவரைக் கூப்பிட்டு, நேற்று விரித்த இரண்டு சாக்கையும் பலகையில் வைத்து எடை போடச் சொன்னாள். ஒன்றரை வீசை. பிறகு சாக்கைத் தூக்கிவிட்டு, வெறும் பலகையில் தானே ஏறி உட்கார்ந்தாள். அத்தனை பேர் முன்னால். மூட்டை சுமக்கிறவர்கள் திரும்பி நின்றுகொண்டார்கள். ஏழு மணங்கு ஏழு வீசை. புரட்டாசி எடைதான், ஒரு கால் வீசைகூடக் குறையவில்லை.

"நேத்து எவ்வளவு கழிச்சே?" என்று கேட்டாள்.

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளுத்துப்போயிற்று. "ஐயோ, வாய் பழகிப்போச்சும்மா. சாக்கைப் பாத்தா கழிச்சுடுது. நான் வேணும்னு சொல்லலேம்மா" என்றார்.

"தெரியும். உன்மேல தப்பு இல்லே" என்றாள் அக்கா. பலகையிலிருந்து இறங்கி, என்னை ஒரு தடவை பார்த்தாள். நான் தரையில் சிந்திக் கிடந்த கொள்ளைப் பார்த்தேன். பிறகு மாமாவிடம் திரும்பி, "முக்கால் வீசை சாக்குக்கு ரெண்டு வீசை கழிக்கிறோமா நாம?" என்று கேட்டாள். அதற்கு வீட்டில் நடந்த சண்டையும், அந்த வருஷத்திலிருந்து எங்கள் மண்டியில் மட்டும் கழிவு ஒரு வீசையாக ஆனதும் தனியாக எழுதவேண்டியவை.

அன்றைக்கு அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். கார்த்திகை முடிய முப்பது நாளும் சில்லறையும்தான் இருந்தன. ஐந்து வீசை அப்படியே பாக்கி. ஒரு மாதம் வீணாகப் போயிருந்தது, அதில் பதினைந்து நாள் என்னால் போனது. அவள் அம்மிக்கல் பக்கத்தில் உட்கார்ந்து, விரல்விட்டு எனக்குச் சொன்னாள். அந்தப் பேச்சு எனக்கு இன்றும் அப்படியே காதில் இருக்கிறது.

"ஊசி தண்ணியை எடுத்துச்சு. ஆட்டுச் சுரப்பி எடையை எடுத்துச்சு, கூடவே நெஞ்சையும் எடுக்கப் பாத்துச்சு. வெள்ளை மாத்திரை எடையை எடுத்துச்சு, கூடவே என்னையும் எடுத்துச்சு. லேகியம் ஒண்ணுமே எடுக்கலே. அதனாலதான் அது நல்லா இருந்துச்சு."

எங்கள் ஊர் வைத்தியரைப் பற்றி இதற்கு மேல் ஒரு வார்த்தை அவள் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், எனக்கு அந்தத் திட்டு தேவையாகவும் இருந்தது.

பிறகு எல்.எம்.பி. டாக்டரிடம் போனோம். வெள்ளை மாத்திரையில் பாதி, காலையில் மட்டும், மத்தியானத்துக்கு மேல் கிடையாது, அப்படி எடுத்தால் தூக்கம் கெடாது இல்லையா என்று அக்கா கேட்டாள். டாக்டர் தலையைச் சொறிந்தார். யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. வாரம் ஒருமுறை வந்து நாடி காட்டவேண்டும், படபடப்பு வந்தால் அன்றைக்கே நிறுத்தவேண்டும் என்று சொல்லிச் சம்மதித்தார். இந்தக் காலத்து டாக்டர்கள் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். அன்றைக்கு இருந்த நான்கில் எது தன் உடம்புக்குக் குறைவாகக் கெடுதி செய்யும் என்று அவள் தானே நிதானித்துத் தேர்ந்தெடுத்தாள். மீதியைச் சாப்பாட்டில் பார்த்துக்கொண்டாள். காலையில் பாதி மாத்திரை, ஒரு டம்ளர் கொள்ளு ரசம். மத்தியானம் ஒரே ஒரு களி உருண்டை, கீரை. இருட்டும் முன் மோர். வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, மண்டியைச் சுற்றி நடந்தாள். அவளுக்குப் பசித்தது. அதை மறைக்கவுமில்லை. "பசிக்குது. வேலை நடக்குதுன்னு அர்த்தம்" என்பாள்.

எடை போடுவதையும் மாற்றிவிட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு வீட்டு ஆட்களோடு நின்றால் எல்லோரும் எனக்கு இனிப்பாகத்தான் சொல்வீர்கள் என்று சொல்லிவிட்டு, சந்தை நாளில், பட்டப்பகலில், வெறும் பலகையில் ஏறி உட்கார்ந்தாள். மூட்டை எடையை எப்படிக் கத்திச் சொல்வாரோ அப்படியே சொல்லவேண்டும் என்று எடை போடுகிறவருக்கு உத்தரவு. முதல் வாரம் அவர் குரல் எழும்பவேயில்லை. இரண்டாம் வாரம், "ஏழு மணங்கு அஞ்சரை" என்று ராயக்கோட்டை வண்டிக்காரர்கள் வரைக்கும் கேட்டது. மூன்றாம் வாரம் மூட்டை இறக்க வந்தவர்கள் காத்திருந்து கேட்டுவிட்டுப் போனார்கள். கேலி செய்தவர்களும் உண்டு. "எத்தனை வேணா சிரிச்சுக்கோங்க, கல்லை மட்டும் சரியா எண்ணிக்கோங்க" என்றாள் அக்கா. எனக்கு அவளைப் பார்க்கப் பார்க்கப் பெருமையாகவும் இருந்தது, உள்ளுக்குள் அறுக்கவும் செய்தது.

கார்த்திகை கடைசி வாரம் ஏழு மணங்கு மூன்று வீசை. ஒரு வீசை கூட இருந்தது, நாள் இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது கூட யார் தங்குவது என்று பேச்சு வந்தது. அக்காவின் சொந்தத் தங்கை பர்கூரிலிருந்து வரத் தயாராக இருந்தாள். அக்கா என்னைக் கை காட்டினாள்.

ஆஸ்பத்திரி இயந்திரத்தில் நூற்று எண்பத்திரண்டு பவுண்டு. இரண்டு பவுண்டு அதிகம். டாக்டரம்மா முகத்தைச் சுளித்தார். அறையில் கப்பலுக்குப் பெட்டிகள் கட்டியாகியிருந்தன. திருப்பி அனுப்பிவிடுவாரோ என்று நான் நர்ஸ் முகத்தைப் பார்த்தேன். எந்த மருந்தில் இவ்வளவு குறைத்தாய் என்று நர்ஸ் மூலமாகக் கேட்டார். அக்கா நான்கையும் வரிசையாகச் சொன்னாள், ஒவ்வொன்றும் எதை எடுத்தது என்று. சாக்குக் கழிவையும் சொன்னாள். நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டே மொழிபெயர்த்தாள். டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார். "அப்போது, அடுத்து வருகிற பெண்ணுக்கு நான் எந்த மருந்தைக் கொடுக்கவேண்டும்?" என்று கேட்டார்.

"எதைக் குடுத்தாலும், எடையை உள்ளபடி சொல்ற ஒரு ஆளைப் பக்கத்துல வெச்சுக் குடுங்க. அது இல்லேன்னா எந்த மருந்தும் அமிர்தமாத்தான் இருக்கும்" என்றாள் அக்கா.

நான் கதவுப் பக்கம் நகர்ந்துவிட்டேன். டாக்டரம்மா எழுந்து வந்து, நாடியைப் பிடித்து நெடுநேரம் கடிகாரத்தைப் பார்த்தார். நர்ஸ் எங்கள் பக்கம் திரும்பி, "அந்த ரெண்டு பவுண்டை அவங்க பாத்துக்கறாங்களாம். நாளைக்குக் காலையில" என்றாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். மாமா வராந்தாவில் நின்றார். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இந்த உடம்பு தாங்காமல் போனால் அந்தப் பதினைந்து நாள் என் தலையில்தான் என்று எனக்குத் தெரியும். பதினொன்றரைக்கு நர்ஸ் வெளியே வந்தாள். முடிந்தது, நல்லபடியாக இருக்கிறார் என்றாள். பிறகு என்னைத் தனியே அழைத்து, நடுவில் நாடி தளர்ந்துபோய்க் கொஞ்ச நேரம் எல்லோரும் பயந்துவிட்டார்கள், டாக்டரம்மா கையை எடுத்துவிட்டு நிற்கவேண்டியதாயிற்று, இதை உங்கள் அக்காவிடம் இப்போதைக்குச் சொல்லாதீர்கள் என்றாள்.

அக்காவுக்குச் சாயங்காலம் தெளிந்தது. உதடு காய்ந்திருந்தது. நான் ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டேன். மாமா டீ குடிக்கப் போயிருந்தார். அப்போதுதான் எனக்கு வாய் வந்தது.

"அக்கா, அந்தச் சாக்குக் கழிவு எனக்கு முன்னாடியே தெரியும்க்கா. கல்லை எண்ணினேன். ரெண்டு தடவையும் எண்ணினேன்."

"தெரியும்."

"எப்படிக்கா?"

"மண்டியில நான் எடை போடறவனைக் கேக்கறப்ப எல்லாரும் ஆச்சரியப்பட்டாங்க. நீ படலே."

"அப்புறம் என்னாத்துக்கு என்னைக் கூட்டிட்டு வந்தீங்க? உங்க தங்கச்சி வரேன்னாங்களே."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வலி இருந்தது. "அவ இன்னும் எனக்குப் பொய் சொன்னதில்லே. இனிமேத்தான் சொல்லுவா. நீ சொல்லி, பட்டுட்டே. இனிமே சொல்லமாட்டே" என்றாள். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "இப்ப சொல்லு. உள்ள என்னா நடந்துச்சு?"

நர்ஸ் வாசலில்தான் நின்றிருந்தாள். நான் அவள் பக்கம் பார்க்கவில்லை. நாடி தளர்ந்ததையும், டாக்டரம்மா கையை எடுத்துவிட்டு நின்றதையும் சேர்த்து, ஒன்று விடாமல் அக்காவிடம் சொன்னேன்.